சந்திரனின் கோட்டுக்கு அளவு கொடுத்தவர்

சாமையில் கல் பொறுக்குவது அந்த வீட்டில் சந்திரனின் வேலை. கல்யாணமான புதிதில் செவ்வந்திதான் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாம் மாதமோ என்னவோ, சோற்றிலிருந்த ஒரு கல் அவன் கடைவாய்ப் பல்லைப் பதம் பார்த்தது. “உன் கண்ணுக்கு மல தெரியும், கல்லு தெரியாது” என்று முறத்தைப் பிடுங்கியவன் இருபத்து நான்கு வருஷமாகத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்கு முறத்தைச் சாய்த்துவைத்து, சுண்டுவிரலால் ஒதுக்கி ஒதுக்கி அவன் பொறுக்குவதைப் பார்த்தால் ஏதோ நகைக்கடைக்காரன் கல் பதிக்கிற மாதிரி இருக்கும்.

சம்பந்தியம்மாள் ஈஸ்வரி ஆலங்காயத்திலிருந்து பத்திரிகை மாதிரியை எடுத்துக்கொண்டு நெல்லிக்கொல்லைக்கு வந்த அன்றும் அவன் முறமும் கையுமாகத்தான் இருந்தான். வண்டிச் சத்தம் கேட்டு எழுந்து தோளில் துண்டைப் போட்டானே தவிர, முறத்தை ஒளித்து வைக்கவில்லை. அது செவ்வந்திக்குப் பிடித்திருந்தது.

ஈஸ்வரி கெட்டவள் இல்லை. அவள் மகன் அஜய்க்கு காவலூரில் எலெக்ட்ரீஷியன் வேலை. ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் கோகிலவாணியை அவன் விரும்பியது தெரிந்ததும், “மலைக்காரப் பொண்ணா? சரி, கூட்டிட்டு வா, பாக்கலாம்” என்று ஒரே வார்த்தையில் முடித்தவள். என்ன, மனசில் தோன்றுவது வாய்க்கு வர அவளுக்கு நேரமே பிடிக்காது.

“சனிக்கெழம தாலி இங்க உங்க கோயில்லியே கட்டிடலாம். ஞாயித்துக்கெழம சாயங்காலம் எங்க ஊரு மண்டபத்துல ரிசப்சன். மேடையில நாங்க ரெண்டு பேரு, நீங்க ரெண்டு பேரு. அஜய் அப்பா கோட்டு சூட்டு தெச்சிட்டாரு. அண்ணன் மட்டும் வேட்டியில நின்னா போட்டோவுல ஒரு பக்கம் எறங்கின மாரி தெரியுமில்ல? அதான், ஒரு கடையில வாடகைக்குக் கோட்டு சொல்லி வெச்சிருக்கேன். வந்து போட்டுப் பாத்துட்டா வேல முடிஞ்சிது.”

சந்திரன் போனான். பெண்ணைக் கொடுக்கிறவன், போகாமல் என்ன செய்வான். அந்தக் கடையில் நாலு கோட்டு மாட்டிப் பார்த்தார்கள். நாலும் அவன் மேல் கொடியில் காயப்போட்டது போலக் கோணிக்கொண்டு தொங்கின. கடைக்காரன் முன்னால் வந்து இழுத்தான், பின்னால் போய் இழுத்தான்.

“தோள நேரா வைங்கண்ணா.”

“நேராத்தாங்க வெச்சிருக்கேன்.”

“இல்லண்ணா, இந்தப் பக்கம் எறங்குது பாருங்க. கொஞ்சம் தூக்கிப் புடிங்க. போட்டோ எடுக்கற வரிக்கும் தூக்கிப் புடிச்சா போதும்.”

யாரோ சிரித்தார்கள். சந்திரன் கோட்டைக் கழற்றி, மடித்து, மேஜைமேல் வைத்தான். திரும்பி வரும்போது ஆலங்காயம் பஸ் மலையேற ஆரம்பித்தது. முதல் வளைவில் கூட வந்த செவ்வந்தியிடம் சொன்னான்.

“மேடைக்கு நீ ஏறு. நான் கீழ பந்தி பாத்துக்கறேன்.”

“பொண்ணப் பெத்தவரு பந்தி பாக்கறதா? நல்லா கீதே.”

“சோறு போடறவன் எவனும் கொறஞ்சவன் இல்ல.”

கோகிலவாணி கேட்டதற்கும் அதே பதில்தான். செவ்வந்திக்கு அதற்குப் பிறகு கல்யாண வேலையில் பாத்திரம் பண்டம், பந்தல், பூ எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. அந்த மனிதனை மேடையேற்றி மகள் பக்கத்தில் நிறுத்திவிட வேண்டும், அவ்வளவுதான்.

சந்திரனின் இடது தோள் வலதைவிட இரண்டு விரற்கடை தாழ்வு. பிறவியில் வந்ததில்லை, டோலியில் வந்தது. ரோடு இல்லாத காலத்தில் நெல்லிக்கொல்லையில் யாருக்கு முடியாமல் போனாலும் மூங்கிலில் போர்வையைக் கட்டி, ஆளை அதில் படுக்கவைத்து, நாலு மைல் தூக்கிக்கொண்டுபோய் ஜமுனாமரத்தூர் ரோட்டில் சேர்க்க வேண்டும். ஊரில் எத்தனை பேர் இருந்தாலும் அந்த வேலைக்கு இரண்டு பேர்தான். அண்ணன் கோபால்சாமி முன்னால், மூங்கில் வலது தோளில். தம்பி சந்திரன் பின்னால், இடது தோளில். அப்படி மாற்றிப் பிடித்தால்தான் அண்ணன் முதுகு மறைக்காமல் தம்பிக்குப் பாதை தெரியும். பாம்பு கடித்தவர்கள், பிள்ளை வலி கண்டவர்கள், மரத்திலிருந்து விழுந்தவர்கள் என்று பதினைந்து இருபது வருஷம் தூக்கினார்கள். கோகிலவாணியை வயிற்றில் வைத்துக்கொண்டு செவ்வந்தியும் அந்த டோலியில் போனவள்தான். அந்த வலியிலும் முன்னால் இருப்பவரை, “மாமா, கொஞ்சம் மெதுவா போங்க” என்று அதட்டியவள்.

ஐந்து வருஷத்துக்கு முன் ரோடு வந்தது. டோலி போயிற்று, ஆனால் ரோடு கோபால்சாமியின் சாமைக் கொல்லையை நடுவில் பிளந்துகொண்டு வந்தது. ஊர்க்கூட்டத்தில் அதற்கு முதல் கையெழுத்துப் போட்டவன் சந்திரன். “தூக்கினது ரெண்டு பேரு, நெலம் குடுக்கறது மட்டும் நானா?” என்று கேட்ட அண்ணன் அன்றோடு பேச்சை நிறுத்தினார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நூறடிகூட இருக்காது. ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால் கோகிலவாணி வழியாகத்தான். “உங்கப்பங்கிட்ட சொல்லு, மாடு வேலி தாண்டுதுன்னு.” “உங்க பெரிப்பாகிட்ட சொல்லு, வேலியே இல்லன்னு.”

சரி, வாடகைக் கோட்டு சரிப்படவில்லை, வாணியம்பாடியில் துணி எடுத்து அளவு கொடுத்துத் தைத்துக்கொண்டால் ஆயிற்று என்று யாருக்கும் தோன்றும். அங்கேதான் சிக்கல். இந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் உடம்பில் டேப் படவிட மாட்டார்கள். அவர்கள் சிறுபையன்களாக இருந்தபோது அப்பனுக்குக் காட்டுக் காவல் வேலை கிடைத்தது. காக்கி உடுப்புக்காகத் தையல்காரர் ஒருவர் அவரைத் தலை முதல் கால் வரை அளந்தார். உடுப்பு தைத்து வருவதற்குள் அப்பன் காய்ச்சலில் போய்விட்டார். குழி வெட்டுவதற்குக் கயிறு வைத்து அளந்தபோது அத்தைக்காரி ஒருத்தி, “அன்னிக்கே அளந்துட்டானே, அன்னிக்கே அளந்துட்டானே” என்று மாரடித்தாள். அழுகையில் வந்த சொல்தான். ஆனால் அது அந்த இரண்டு பையன்கள் காதிலும் உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் இருவருக்கும் சந்தையில் தொங்கும் ரெடிமேட் சட்டைதான்.

இப்படி இருக்கும்போதுதான் செவ்வந்தி வியட்நாமுக்குப் போனாள்.

எட்டாவது வரை படித்தவள். மகளிர் குழுவில் கையெழுத்துப் போட ஆரம்பித்து, சாமை அரைக்கும் மெஷின் வாங்க வைத்து, சிறுதானிய விவசாயிகள் கம்பெனிக்கு இயக்குநர்களில் ஒருத்தியாக வந்து நின்றவள். அந்த நாட்டில் விவசாயிகள் எப்படித் தானியத்தைப் பொட்டலம் போட்டு விற்கிறார்கள் என்று பார்த்துவர ஏழு பேரை அனுப்பினார்கள், அதில் அவளும் ஒருத்தி. பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தபோது ஊரே கூடிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி சின்னக்குழந்தை மட்டும், “இவ இன்னா பண்ணா சார், நல்லவதான சார்” என்று அழ ஆரம்பித்து, அவரே டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று.

விமானம் மேலே ஏறியதும் செவ்வந்தி கண்ணை மூடவே இல்லை. மேகத்தைக் கீழே பார்ப்பது அவளுக்குப் புதிதில்லை, மார்கழியில் நெல்லிக்கொல்லையிலிருந்தே தெரியும். ஆனால் அது இவ்வளவு தூரத்துக்கு இருக்குமென்று தெரியாது.

நாலு நாள் வயலும் ஆலையும் பார்த்து முடித்து, ஐந்தாம் நாள் ஹோய் ஆன் என்ற ஊரில் தங்கினார்கள். ஆற்றங்கரை ஊர். மஞ்சள் சுவர் வீடுகள், வாசலுக்கு வாசல் காகித விளக்கு, தெருவுக்குப் பத்துத் தையல்கடை. கண்ணாடிக்குள் பொம்மைகள் கோட்டும் டையுமாக வரிசையாக நின்றன. கம்பெனி மேனேஜர் இளவழகன், முப்பது வயசுப் பையன், கூட்டிக்கொண்டு போனவன், பேச்சுவாக்கில் சொன்னான்.

“இந்த ஊரு இதுக்குத்தாங்க்கா பேமஸ். இன்னிக்கு அளவு குடுத்தா நாளைக்குக் கோட்டு. ஊர் ஊரா இருந்து வந்து தெச்சிட்டுப் போறாங்க.”

செவ்வந்தி நின்றுவிட்டாள். மற்றவர்கள் பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தார்கள்.

“தம்பி, ஒரு தோளு எறங்கினவருக்கும் தெப்பாங்களா?”

கடைக்காரி பெயர் லான். செவ்வந்தி வயசுதான் இருக்கும், கழுத்தில் டேப், மணிக்கட்டில் குண்டூசி குத்திய மெத்தை. இளவழகன் இங்கிலீஷில் சொன்னான், அவள் இங்கிலீஷில் கேட்டாள், நடுவில் செவ்வந்தி கையால் பேசினாள். தோள் தாழ்வா, அதெல்லாம் சுலபம், பஞ்சு வைத்து வெட்டினால் கடவுளுக்கே தெரியாது என்றாள் லான். ஆள் எங்கே என்றாள். ஆள் ஜவ்வாது மலையில் என்றதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். ஆள் இல்லாமல் சட்டை தைக்கலாம், கோட்டு தைக்க முடியாது.

“எனக்குத் தெரியுங்க அவரு ஒடம்பு” என்றாள் செவ்வந்தி, தன் கையை முழம் போட்டுக் காட்டி. “மாரு இவ்ளோ. முதுகு ரெண்டு சாண், நாலு வெரலு.”

இளவழகன் வெட்கப்பட்டுக்கொண்டே மொழிபெயர்த்தான். லான் சிரித்தாள், தலையை ஆட்டினாள், தன் போனை எடுத்து வீடியோ என்று காட்டினாள். யாராவது அங்கே டேப் பிடித்தால், இங்கிருந்தே சொல்லித் தருவேன் என்றாள்.

செவ்வந்தி மகளுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டாள். “கோகிலா, இன்னிக்கு லீவுதான? டேப்ப எடுத்துக்கினு அப்பாவக் கூட்டிக்கினு டவர் பாறைக்கு வா. எதுக்குன்னு சொல்லாத. சும்மா அம்மா பேசணும்னுச்சின்னு சொல்லு.”

நெல்லிக்கொல்லையில் சிக்னல் அந்தப் பாறை மேல்தான். அங்கே மணி நாலு. முதலில் வானம் தெரிந்தது, பிறகு கோகிலவாணியின் மோவாய், பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு சந்திரன்.

“இன்னா செவ்வந்தி, சாப்டியா? அங்க சோறு கீதா?”

“கீது கீது. எலையில மடிச்சித் தர்றாங்க.”

“கல்லு கெடக்குதா?”

“ஒண்ணுகூட இல்ல.”

“அப்ப பொறுக்க ஆள் வெச்சிருப்பாங்க” என்றான் சந்திரன், திருப்தியாக.

அவன் தோளுக்குப் பின்னால் சின்னக்குழந்தையின் தலை முளைத்தது. “செவ்வந்தி, எங்க, அந்த ஊர்க்காரங்களக் காட்டு.” லான் எட்டிப் பார்த்துக் கும்பிட்டாள். பாறையிலிருந்த ஏழெட்டுப் பேரும் கும்பிட்டார்கள். லான் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிக் காட்டினாள். சந்திரனும் விளையாட்டுப்போல நீட்டினான். அப்போதுதான் கோகிலவாணி இடுப்பிலிருந்து டேப்பை எடுத்தாள்.

சந்திரன் கையை இறக்கி இரண்டடி பின்னால் போனான்.

“அது இன்னாத்துக்கு?”

“கோட்டுக்குப்பா. உனக்குன்னே தெக்கறாங்க. யாரும் இழுக்க வேணாம், தூக்கிப் புடிக்க வேணாம்.”

“வேணாம்மா.”

“அப்பா, வெறும் டேப்புப்பா இது. தெனம் ஆஸ்பத்திரியில கொழந்தைங்க தலைய இதே டேப்புலதான் அளக்கறேன்.”

“கொழந்தைங்கள அள. என்ன அளக்காத.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதனாலேயே பாறையில் எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள். செவ்வந்திக்கு அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் கையைவிட்டு அவனைப் பிடித்து நிறுத்தலாம் போல இருந்தது. லான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இப்போது வெட்டினால்தான் நாளை பதினோரு மணிக்குக் கொடுக்க முடியும், பதினொன்றரைக்கு அவர்கள் பஸ்.

பாறையின் அந்தக் கோடியில் கோபால்சாமி உட்கார்ந்திருந்ததை அதுவரை செவ்வந்தி பார்க்கவில்லை. திருப்பூரில் இருக்கும் மகனிடம் பேச வந்தவர். போனை மடியில் செருகிக்கொண்டு எழுந்து வந்தார். தம்பியைப் பார்க்கவில்லை.

“கோகிலா, என்ன அளந்துக்கம்மா. ஒரே மூங்கிலத் தூக்கின ஒடம்புதான்.”

உண்மைதான். பின்னாலிருந்து பார்த்தால் இருவரையும் பெண்டாட்டிமாரே மாற்றிக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரே உயரம், ஒரே மார்பு, ஒரே நடை.

“உங்க பெரிப்பாகிட்ட சொல்லு” என்றான் சந்திரன். “அவரு குடுக்க வேணாம். ஏன் வேணாம்னு அவருக்கே தெரியும்.”

“உங்கப்பங்கிட்ட சொல்லு, எமனுக்கு என் அளவு எப்பவோ தெரியும்னு. டேப்பு பாத்து வர்றவன் இல்ல அவன்.”

“அவரு புள்ளக்குட்டிக்காரருன்னு சொல்லு.”

“இவனும் பொண்ணக் குடுக்கப் போறவந்தான்னு சொல்லு. மேடையில நிக்க வேண்டியவன்னு சொல்லு. நீ அளம்மா, வெயிலு எறங்குது.”

துண்டை எடுத்துச் சின்னக்குழந்தையிடம் கொடுத்துவிட்டு, கோபால்சாமி இரண்டு கைகளையும் நீட்டி நின்றார். கோகிலவாணி அளந்தாள். லான் சொல்லச் சொல்ல, இளவழகன் கத்த, அவள் இன்ச்சைப் படித்தாள். கழுத்து, முதுகு, கை, இடுப்பு, பேன்ட்டுக்குக் கால். டேப் மார்பைச் சுற்றியபோது அந்த மனிதர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டதை, அத்தனை கடல் தாண்டியிருந்தும், செவ்வந்தி பார்த்தாள். ஒரு தோள் தாழ்வாக இருக்கிறதே, அது இதுதானா என்று லான் கேட்டாள். “ஆமா ஆமா, ரெண்டு வெரக்கட” என்று செவ்வந்தி துள்ளினாள். சந்திரன் அதற்குள் அங்கே இல்லை.

அதற்கப்புறம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. துணியைச் சுருட்டிச் சுருட்டிப் போட்டாள் லான். கறுப்பு வேண்டாம், சாம்பல் வேண்டாம். கடைசியில் நாகப்பழம் கனிந்த நிறத்தில் ஒன்று வந்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், கசக்கிப் பார்த்தாள், சுருக்கம் நிற்கவில்லை. “இதான்” என்றாள். ஓட்டலுக்குப் போகும் வழியெல்லாம் இளவழகனிடம் மண்டபத்து மேடை எந்தத் திசை பார்த்திருக்கும், லைட் எங்கே இருக்கும், இந்த நிறம் எடுபடுமா என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

மறுநாள் விடிந்ததும் எல்லாரும் ஆற்றங்கரைச் சந்தையைப் பார்க்கப் போனார்கள். எதிரே ஒரு பெண் மூங்கிலின் இரண்டு முனையிலும் கூடை கட்டி, காய்கறி சுமந்து வந்தாள். செவ்வந்திக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, ‘நம்ம ஊர் மாதிரியே’ என்று. அந்தப் பெண் ஒரு நிமிஷம் நின்றாள். மூங்கிலை வலது தோளிலிருந்து கழுத்தைச் சுற்றி இடது தோளுக்கு மாற்றினாள். நடந்தாள்.

செவ்வந்தியின் சிரிப்பு அப்படியே நின்றது.

“தம்பி, கெட்டுது போ. அண்ணனுக்கு வலது தோளு. இவருக்கு எடது.”

“எதுங்க்கா?”

“எறங்கினது. மாத்தி வெட்டிட்டாங்க.”

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். நாற்பத்து நாலு வயசில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சைக்கிள்களுக்கு நடுவில், மஞ்சள் சுவர்களைத் தாண்டி ஓடினாள். இரண்டு தெரு தப்பாகப் போய்த் திரும்பினாள். கடைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பொம்மை மேல் நாகப்பழக் கோட்டு, வெள்ளை நூலில் ஓட்டுத் தையல் போட்டு, ஒரு கை மட்டும் வைத்து நின்றது. வலது தோள் இரண்டு விரற்கடை தாழ்ந்து, அச்சு அசலாகக் கோபால்சாமி.

லானுக்குப் புரியவைக்க ஒரு சொல்கூட இல்லை. செவ்வந்தி வலது தோளைத் தட்டி, கூடாது என்று கையை ஆட்டினாள். இடது தோளைத் தட்டினாள். லான் தன் நோட்டைக் காட்டினாள், வலதுதான் எழுதியிருந்தது. நேற்று வீடியோவில் பார்த்தேனே என்று கண்ணைக் காட்டினாள். செவ்வந்தி சுற்றும் முற்றும் பார்த்தாள். துணி அளக்கும் நீளக் கம்பு ஒன்று சுவரோரம் சாய்ந்திருந்தது. அதை எடுத்து வலது தோளில் வைத்து நாலடி நடந்தாள், ‘இது அவர்.’ பின்னால் போய் இடது தோளில் வைத்து நாலடி நடந்தாள், ‘இது இவர்.’ கோட்டைப் போட்டுக்கொண்டு மூட்டை தூக்கப் போகிறாரா என்று லான் கவலையோடு பார்த்தாள்.

மூச்சிரைக்க வந்து சேர்ந்த இளவழகன் சொல்லிப் பார்த்தான். பாதி புரிந்தது. லான் தானே வந்து கம்பின் முன்முனையை வலது தோளில் வைத்துக்கொண்டாள். பின்முனை செவ்வந்தியின் இடது தோளில். நட என்று தலையசைத்தாள் செவ்வந்தி. வெட்டு மேஜைகளுக்கு நடுவில் இரண்டு பெண்களும் நடந்தார்கள். மெஷினில் இருந்த பெண்கள் மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள், ஒருத்தி கை தட்டித் தாளம் போட்டாள். ஆளுயரக் கண்ணாடிக்கு முன் வந்தபோது லான் நின்றாள். தன் வலது தோளைப் பார்த்தாள், பின்னால் செவ்வந்தியின் இடது தோளைப் பார்த்தாள். ஓ என்று நீளமாக ஒரு சத்தம் போட்டு, கம்பை விட்டுவிட்டுப் பொம்மையிடம் ஓடி, வெள்ளை நூலைப் பரபரவென்று பிரிக்க ஆரம்பித்தாள். இடது தோளில் மிச்சத் துணி இருந்தது, இறக்கி வெட்டி உள்ளே பஞ்சு வைத்துக்கொள்ளலாம். வலதுக்கு மடிப்புக்குள் விட்டது போதும்.

பிரித்துக்கொண்டே இளவழகனிடம் ஏதோ கேட்டாள்.

“நேத்து அளவு குடுத்தவரும் உங்க வீட்டுக்காரரும் சண்டையான்னு கேக்கறாங்கக்கா.”

“அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்காம பொண்ணயே பாத்துப் பேசினாங்களாம்.”

செவ்வந்தி கோட்டுக் கையின் உள்துணியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பதினொன்றே காலுக்கு, அதே துணியில் தைத்த பேன்ட்டோடு, கோட்டு கைக்கு வந்தது. பஸ்ஸில் அதை யார் மடியிலும் கொடுக்கவில்லை. விமானத்தில் மேலே பெட்டி வைக்கும் இடத்தில் வைக்கச் சொன்ன பெண்ணிடம், “கசங்கிடுங்க” என்று தமிழிலேயே சொல்லி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

ஊருக்கு வந்த மறுநாள் பத்திரிகை வைக்கப் போனாள். கோபால்சாமி வீட்டில் தட்டை நீட்டியபோது அவர் கேட்டது ஒன்றுதான். “சரியா வந்துதா?” தோளை மாற்றிய கதையை அவள் சொன்னாள். அவர் சிரித்தார், பிறகு பத்திரிகையைத் தட்டோடு அலமாரியில் வைத்தார். ரிசப்சனுக்கு வருவதைப் பற்றி, “பாக்கலாம்” என்றார்.

சந்திரன் பத்து நாள் கோட்டைத் தொடவில்லை. ஆணியில் தொங்கிய அந்தப் பையைத் தாண்டிப் போவான், வருவான். தாலி கட்டும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை காலை, கோகிலவாணி கையைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தினாள்.

“போட்டு மட்டும் பாருப்பா. புடிக்கலன்னா பெரிப்பாவுக்குக் குடுத்துடலாம்.”

பேன்ட்டுக்கு முதலில் கால் நுழைய மறுத்தது, பிறகு நுழைந்தது. சட்டை. அதற்குமேல் கோட்டு. செவ்வந்தி பின்னாலிருந்து பிடித்துக் கொடுத்தாள். அவன் இடது கையை விட்டான், வலது கையை விட்டான், தோளைக் குலுக்கினான். கோட்டு உட்கார்ந்தது. இழுக்க வேண்டியிருக்கவில்லை. முதுகில் ஒரு மடிப்பு இல்லை. எந்தத் தோள் தாழ்ந்தது என்று அவளே ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியிருந்தது.

கோகிலவாணி கை தட்டினாள். சின்னக்குழந்தை வாசலிலிருந்து பார்த்து, “ஐயோ, கலெக்டரு மாரி கீறாரே” என்றுவிட்டு, ஊருக்குச் சொல்ல ஓடினாள். கண்ணாடியில் முகம் மட்டும்தான் தெரிந்தது. சந்திரன் பின்னால் பின்னால் நகர்ந்து, சுவரில் முட்டி நின்று, மார்பு வரை பார்த்தான். பையில் கைவிட்டுப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்ல வந்து, போக மறந்து நின்றது.

“நல்லாத்தான் கீது.”

“அப்ப ஞாயித்துக்கெழம மேடைக்கு?” என்றாள் செவ்வந்தி.

அவன் இடது தோளின் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

“அண்ணன் வர்றாராமா?”

ஐந்து வருஷமாக ‘உங்க பெரிப்பா’தான். அண்ணன் என்ற சொல் அந்த வீட்டுக்குள் விழுந்ததும் கோகிலவாணி அம்மாவைப் பார்த்தாள்.

“பாக்கலாம்னாரு.”

“பத்திரிக வெச்சல்ல?”

“நான் வெச்சேன். பொண்ணோட அப்பன் வெக்கலியே.”

சந்திரன் தலையைக் குனிந்து பித்தானைப் பார்த்தான்.

“அவரு கீழ எங்கியோ தூணோரம் நிப்பாரு. அவர அளந்து தெச்சத நான் போட்டுக்கினு மேல நிக்கறதா?”

“கீழ நிக்கச் சொன்னது யாரு? நாலு பேரு நிக்கற மேடையில அஞ்சாவது ஆளு நின்னா ஒடஞ்சிடுமா? ஈஸ்வரிகிட்ட நான் சொல்லிக்கறேன்.”

அவன் மேல் பித்தானைப் போட்டான். அது சரியாக நிற்கிறதா என்று தொட்டுப் பார்த்தான். பிறகு அலமாரிப் பக்கம் போய், மிச்சமிருந்த பத்திரிகைகளில் ஒன்றை எடுத்து, நாலு மூலையிலும் மஞ்சள் இருக்கிறதா என்று பார்த்து, தட்டில் வெற்றிலையோடு வைத்துக்கொண்டு திரும்பினான்.

“கோட்டக் கழட்டி வெச்சிட்டுப் போங்க” என்றாள் செவ்வந்தி. “வழியெல்லாம் நாயுருவி. ஒட்டிக்கினா யாரு பொறுக்கறது?”

சந்திரன் கோட்டோடேயே, தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி, நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து, அண்ணன் வீட்டுப் பக்கம் போனான்.